14 நாளில் பிரான்ஸின் ஆறு பகுதிகளையும் பார்த்துவிட முடியுமா?

கேள்வியில் நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் இது: ஜூன் மாதம், 14 நாட்கள், அறுபதைத் தாண்டிய அப்பா அம்மா, அம்மா சைவம். பாரிஸ், நார்மண்டி, லுவார் பள்ளத்தாக்கு, அல்சாஸ், புரொவான்ஸ், நீஸ் ஆகிய ஆறையும் பார்க்க வேண்டும்; எந்த வரிசையில் போவது என்று கேட்கிறீர்கள்.

ஆறில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: புரொவான்ஸ், லுவார், பாரிஸ். நார்மண்டிக்காக, கடலோரக் குன்றுத் தீவில் பழைய மடம் நிற்கும் மோன் சேன் மிஷேலில் ஓர் இரவு. அல்சாஸையும் நீஸையும் இந்த முறை விட்டுவிடுங்கள். மனம் கேட்காது என்று தெரியும். ஆனால் 2016இல் நானும் மனைவியும் 12 நாளில் ஆறு ஊர்கள் என்று போட்டுக்கொண்டு போய், பார்த்ததைவிடப் பெட்டி இழுத்ததுதான் அதிகம் என்று திரும்பி வந்தவர்கள். 2025 ஜூனில் என் அம்மாவையும் அழைத்துக்கொண்டு மறுபடி போனபோதுதான் அந்த நாட்டை உண்மையாகப் பார்த்தோம்.

கணக்கு எளிது. காலை 11 மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்குமேல்தான் அறை கிடைக்கும். நடுவில் ரயில் இரண்டே மணி நேரம் ஓடினாலும் அந்த நாள் போய்விட்டது. ஆறு ஊர் என்றால் ஐந்து முறை இடம் மாற வேண்டும். 14 நாளில் ஐந்து நாள் பெட்டிக்கே போகும். பெரியவர்களுடன் போகும்போது இந்த இழப்பு இன்னும் கூடும்.

நான் சொல்லும் வரிசை பலருக்குத் தலைகீழாகத் தெரியும்: பாரிஸைக் கடைசியில் வையுங்கள். சார்ல் து கோல் விமான நிலையத்தின் இரண்டாவது முனையத்துக்குக் கீழேயே அதிவேக ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து புரொவான்ஸில் உள்ள அவினியோனுக்கு நேரடி டி.ஜி.வி., அதாவது அதிவேக ரயில், உண்டு. விமானத்தில் தூங்காமல் வந்த களைப்போடு பாரிஸ் மெட்ரோவின் படிக்கட்டுகளில் பெட்டியைத் தூக்குவதைவிட, மூன்று மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாக ரயில் இருக்கையில் கண் அயர்ந்து தெற்கே போய் இறங்குவது எவ்வளவோ மேல். விமானம் இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் இடையில் நான்கு மணி நேரமாவது விடுங்கள். பாரிஸ் கடைசியில் இருப்பதால் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள் எங்கோ தொலைவில் ரயில் வேலைநிறுத்தத்தில் மாட்டிக்கொள்ளும் பயமும் இல்லை. வேலைநிறுத்தம் அந்த நாட்டில் அபூர்வமான ஒன்றல்ல.

அவினியோனில் நான்கு இரவுகள். டி.ஜி.வி. நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் நகர மைய நிலையத்துக்குச் சிறு ரயில் கொண்டுபோய் விடும். 14ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர்கள் ரோமை விட்டு இங்கே வந்து தங்கியிருந்த அரண்மனை ஊரின் நடுவிலேயே நிற்கிறது. அதை ஒரு காலையில் பார்த்துவிடலாம். என் மனத்தில் நிற்பது போன் து கார்தான். நீம் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக ரோமானியர்கள் கட்டிய கால்வாய், கார்தோன் ஆற்றைக் கடக்கும் மூன்றடுக்குப் பாலம் அது. உயரம் ஏறக்குறைய 49 மீட்டர். ஆனால் நான் வியந்தது உயரத்தைப் பார்த்து அல்ல. கால்வாயின் மொத்த நீளம் சுமார் 50 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் சரிவு 12 மீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு சாண்தான்! இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் அந்த மட்டத்தை அளந்திருக்கிறார்கள். அவினியோனிலிருந்து பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை. திரும்பும் பஸ்ஸின் நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். மாலை வெயிலில் கல் முழுக்கத் தேன் நிறமாக மாறும்போது ஆற்றங்கரைக் கூழாங்கற்களில் அமர்ந்து, தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருந்தார் அம்மா. கிளம்பலாமா என்று நான் இரண்டு முறை கேட்டும் எழுந்திருக்கவில்லை.

லாவெண்டர் வயல்களைப் பார்க்க ஆசை இருந்தால் தேதி முக்கியம். ஜூன் பிற்பகுதியில் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரைதான் நல்ல பருவம். ஜூன் முதல் வாரத்தில் போனால் பச்சைப் புதரைத்தான் பார்ப்பீர்கள். ஜூன் 20க்குப் பக்கமாக அவினியோனில் இருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் அங்கே பெரிய நாடக விழா நடக்கும், 1947இல் தொடங்கியது. அப்போது அறை கிடைப்பது கடினம், வாடகையும் ஏறிவிடும். இன்னொரு லாபமும் உண்டு: ஜூன் 21 அன்று நாடு முழுக்கத் தெருவுக்குத் தெரு இசை விழா, டிக்கெட் கிடையாது. லுபெரோன் மலைக் கிராமங்களான கோர்த், ரூசியோன், செனாங்க் மடம் ஆகியவற்றுக்கு மட்டும் பஸ்ஸை நம்ப வேண்டாம். எட்டுப் பேர் போகும் வேனில் ஒரு நாள் சுற்றுலாவாகப் போனோம், அது போதும். அறை பதிவு செய்யும்போது ஏ.சி. இருக்கிறதா என்று கேளுங்கள். வெயில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு, பழைய கட்டடங்கள் பலவற்றில் ஏ.சி. கிடையாது.

அங்கிருந்து லுவார். பாரிஸில் ரயில் மாற வேண்டும்; பாரிஸுக்கு ஒரே ஒரு மைய நிலையம் என்று எதுவும் இல்லை என்பதை இங்கே கவனியுங்கள். தெற்கிலிருந்து வரும் ரயில் பாரிஸின் லியோன் நிலையத்தில் நிற்கும். லுவார் பக்கம் போகும் அதிவேக ரயில்கள் நகரின் மறுகோடியில் உள்ள மோன்பர்னாஸிலிருந்து கிளம்பும். அவற்றைத் தேடிப் போகாதீர்கள். லியோன் நிலையத்துக்கு எதிரே சேன் ஆற்றின் பாலத்தைக் கடந்தால் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையம், பத்து நிமிட நடை. அங்கிருந்து புளுவா, தூர் பக்கம் சாதாரண ரயில்கள் போகின்றன. கொஞ்சம் மெதுவான ரயில்தான், ஆனால் மெட்ரோவில் பெட்டியோடு திண்டாட வேண்டாம்.

தூர் நகரத்திலோ அம்புவாஸிலோ மூன்று இரவுகள் தங்குங்கள். நூற்றுக்கணக்கான மாளிகைகள் உண்டு; மூன்றுக்கு மேல் பார்த்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். ஷாம்போர், ஷெனோன்சோ, அம்புவாஸ் போதும். லியோனார்தோ தா வின்சி தம் கடைசி ஆண்டுகளைக் கழித்து 1519இல் கண்மூடியது அம்புவாஸில். அதே ஆண்டில்தான் முதலாம் பிரான்சுவா மன்னர் ஷாம்போர் கட்டும் வேலையைத் தொடங்கினார். ஷாம்போரின் நடுவே இரட்டைச் சுருள் படிக்கட்டு: ஒருவர் ஏறலாம், ஒருவர் இறங்கலாம், வழியில் எதிர்ப்பட மாட்டார்கள். அதை லியோனார்தோவின் சிந்தனையோடு சேர்த்துச் சொல்கிறவர்கள் உண்டு.

ஆனால் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஷெனோன்சோவுக்குப் போங்கள். தூரிலிருந்து அரை மணி நேர ரயில். இறங்கினால் மாளிகையின் வாயில் பக்கத்திலேயே. ஷேர் ஆற்றின்மேல் பாலம்போலக் கட்டிய மாளிகை அது. ஆற்றுக்குமேல் 60 மீட்டர் நீளத்துக்கு ஒரு கூடம், பதினெட்டு ஜன்னல்கள், சதுரங்கப் பலகை போன்ற கறுப்பு வெள்ளைத் தரை. தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளி சுவரில் அசைந்துகொண்டே இருக்கிறது. முதல் உலகப் போரில் அந்தக் கூடம் மருத்துவமனை. இரு வரிசைக் கட்டில்களில் காயம்பட்ட வீரர்கள் படுத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் எல்லை அந்த ஆறுதான். மாளிகையின் தலைவாசல் ஒரு பக்கம், கூடத்தின் தெற்குக் கதவு மறுபக்கம். தப்பிக்க நினைத்தவர்களுக்கு அந்தக் கதவு வழியாக மறுகரைக்குப் போக வழி கிடைத்தது. நாங்களும் அந்தக் கதவைத் தாண்டி மறுகரைக்குப் போனோம். மரங்களும் நடைபாதையும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. அம்மா திரும்பி அந்தக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டமாக வரும் பஸ்கள் கிளம்பிய பிறகு, மூடுவதற்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது உள்ளே போனதால்தான் அப்படி நிற்க முடிந்தது.

மோன் சேன் மிஷேலுக்கும் இதே விதி, இன்னும் கடுமையாக. பாரிஸிலிருந்து ஒரே நாளில் போய்வரும் சுற்றுலாக்கள் பல இருக்கின்றன. போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். நடுப்பகல் கூட்டத்தில் இடிபட்டுத் திரும்புவீர்கள். 2016இல் நாங்கள் செய்த பெரிய தவறு அது. லுவாரிலிருந்து லு மான் வழியாக ரென் நகரம் போய், அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பஸ் பயணத்தில் போய்ச் சேர்ந்து, ஓர் இரவு தங்குங்கள். குன்றின்மேல் உள்ள விடுதிகளுக்குப் படிகள் அதிகம். பெரியவர்களுக்குக் கரைப்பக்கம் அணைக்கட்டுக்கு அருகே உள்ள விடுதிகளே நல்லது. அங்கிருந்து தீவு வரை இலவச பஸ் இரவு வரை ஓடுகிறது. மடத்துக்கு ஏற 350 படிகள்போல உண்டு. முடியாவிட்டால் கீழேயிருந்தே பார்க்கலாம், குறையில்லை.

தேதி முடிவாகும் முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். பௌர்ணமி, அமாவாசை கழிந்து ஒன்றரை இரண்டு நாளில்தான் அங்கே ஓதம், அதாவது கடல்நீர் ஏற்றம், உச்சத்துக்குப் போகும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வேறுபாடு 14, 15 மீட்டர் வரை போகும் இடம் அது. நாங்கள் பாலத்தின்மேல் நின்றுகொண்டிருந்தோம். முதலில் தொலைவில் ஒரு வெள்ளிக் கோடு. பிறகு மெல்லிய இரைச்சல். பிறகு மணலின் ஓடைகளில் தண்ணீர் பின்னோக்கி ஓடி வந்தது. அரை மணி நேரத்தில் சற்று முன்பு மனிதர்கள் நடந்த மணல் கடலாகிவிட்டது. இரவு பத்து மணிக்கும் மேற்கில் வெளிச்சம் மிச்சம் இருந்தது. வழிகாட்டி இல்லாமல் அந்த மணலில் இறங்காதீர்கள், புதைமணல் உண்டு.

பிறகு ரென்னிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் பாரிஸ். ஐந்து இரவுகள். லூவ்ர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும்; ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்கட்கிழமை மூடியிருக்கும். லூவ்ர் புதன், வெள்ளி இரவு 9 வரை திறந்திருக்கும். அந்த மாலைகளில் போங்கள். நேரம் குறித்த டிக்கெட்டை ஊரிலிருந்தே வாங்கிவிடுங்கள். 2019 தீக்குப் பிறகு 2024 டிசம்பரில் மறுபடி திறந்த நோத்ர் தாம் பேராலயத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. மெட்ரோவில் லிஃப்ட் உள்ள நிலையங்கள் குறைவு. பெரியவர்களுக்கு பஸ்தான் சரி. 69ஆம் எண் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே ஐஃபெல் கோபுரத்தின் பக்கத்திலிருந்து லூவ்ர் வழியாக பஸ்தீல் வரை பார்த்துவிடலாம்.

ரயில் டிக்கெட் பற்றி: டி.ஜி.வி. கட்டணம் விமானக் கட்டணம்போல நாள் நெருங்க நெருங்க ஏறும். விற்பனை தொடங்கியதும் வாங்குங்கள். உள்ளூர் ரயில்களுக்கு அந்த அவசரம் இல்லை. பல டி.ஜி.வி.களுக்கு மாடி உண்டு. கீழ்த்தளத்தில் இருக்கை கேளுங்கள். புறப்படும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகக் கதவு மூடிவிடும். பெட்டிகளில் பெயர்ச்சீட்டு கட்டாயம். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். கோடைக்கு விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பது சிரமம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் அம்மாவின் சாப்பாடு. சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. "சான் வியாந்த், சான் புவாசோன்" என்று, இறைச்சியும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்று இரண்டையும் சொல்லுங்கள். சாலட்டிலும் கீஷ் என்ற முட்டைப் பேஸ்ட்ரியிலும் லார்தோன் என்ற பன்றி இறைச்சித் துண்டுகளைத் தூவியிருப்பார்கள். கடைக்குள் நுழைந்ததும் முதலில் "போன்ஜூர்" சொல்லுங்கள். சொல்லாமல் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள், சொன்ன பிறகு முகமே மாறிவிடும். பிற்பகல் இரண்டு மணிக்குமேல் பல உணவகங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அவினியோனிலும் தூரிலும் சமையலறையுள்ள வீடுகளை எடுத்தோம். அவினியோன் மூடு சந்தையில் காலையில் தக்காளியும் கத்தரிக்காயும் வாங்கி வந்து, கொண்டுபோன புளிக்காய்ச்சலோடு சாதம் வடித்தார் என் அம்மா. பயணத்தில் அவர் சோர்ந்துபோகாததற்குப் பாதிக் காரணம் அந்தச் சமையலறைதான்.

கடைசி நாள் பாரிஸின் லா ஷப்பேல் பகுதிக்குப் போங்கள். ஈழத்தமிழர்கள் கட்டி எழுப்பிய கடைத்தெரு. தமிழ்ப் பெயர்ப்பலகைகள், தோசை, இடியாப்பம், பக்கத்தில் மாணிக்க விநாயகர் ஆலயம். அங்கிருந்து நோர் நிலையம் நடக்கும் தூரம், விமான நிலைய ரயில் அங்கே வரும். நாங்கள் மதியம் அங்கே சாப்பிட்டுவிட்டு, மாலை விமானத்துக்கு அவசரமில்லாமல் போனோம்.

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ முழங்கால் வலி உண்டா, எந்தத் தேதியில் கிளம்புகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். மோன் சேன் மிஷேல் இரவை ஓதத்துக்கு ஏற்றபடி எந்த நாளில் வைப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.