கறுத்த விரல் தானே கழன்று விழுமா?

கேள்வி: என் மாமாவுக்கு நெடுநாளாகச் சுகர். மழைத்தண்ணீரில் ரப்பர் செருப்போடு நடந்து, வார் உரசிப் பெருவிரல் இடுக்கில் புண். இப்போது விரலே கறுத்துவிட்டது. டாக்டர் ‘எடுக்கணும்’ என்கிறார். செத்த உறுப்பு தானே கழன்று விழும், கத்தி வைக்காதே என்று பழங்கால கிரேக்க வைத்தியர் ஹிப்போக்ரட்டிஸ் காலத்திலேயே எழுதியிருக்கிறார்களாமே! இன்றைய டாக்டர்களுக்கு ஏன் இந்த அவசரம்?
– ஒரு வாசகர், தாராவி, மும்பை.

பதில்: படித்தீர்கள், சரி. பாதியில் ஏன் மூடிவைத்தீர்கள்?

ஹிப்போக்ரட்டிஸ் பெயரில் உள்ள நூல்களில் மூட்டுகளைப் பற்றிய ஒன்றில்தான் இந்தப் பேச்சு வருகிறது. துணிக்கட்டு இறுக்கிப் போட்டதால் ரத்தம் தடைபட்டுச் செத்த கை கால்களும் அதில் அடக்கம். (முறிந்த எலும்புக்கு மூங்கில் பத்தை வைத்து இறுக்கிவிட்டு, விரல் நீலம் பாரித்த பிறகு ஓடிவருகிறவர்கள் இன்றும் உண்டு.) தொடை எலும்பு 80-ஆம் நாள் கழன்றது என்றுகூட அதில் இருக்கிறது. ஆனால் ‘கத்தி வைக்காதே’ என்று அது சொல்லவில்லை. முழுக்கச் செத்து உணர்ச்சி போன பகுதியை மூட்டோடு எடு, உயிருள்ள சதையைத் தொடாதே, வலித்தால் மயங்கி அங்கேயே உயிர் போய்விடும் என்கிறது.

இந்தப் பொறுமைக்கு வலி மட்டுமல்ல, ரத்தமும் காரணம். செத்த சதையை வெட்டினால் ரத்தம் வராது. நல்ல சதையை வெட்டினால் பீறிடும். அதை நிறுத்துவது அன்று பெரும்பாடு. வலி தெரியாமல் வெட்ட ஈதர் மயக்க மருந்தும் 1846-ல்தான் வந்தது. ஆனாலும் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமில் மருத்துவ நூல் எழுதிய கெல்சஸ் இதை மாற்றி எழுதிவிட்டார்: நல்லதும் கெட்டதும் சேரும் இடத்தில் வெட்டு, கெட்டதை மிச்சம் வைப்பதைவிட நல்லதில் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை. வெட்டும்போதே பலர் இறப்பதை அவர் மறைக்கவில்லை. வேறு வழியில்லை என்பதே அவர் வாதம். 1552-ல் பிரெஞ்சுப் படையோடு போன சர்ஜன் அம்ப்ருவாஸ் பாரே, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதை விட்டு ரத்தக்குழாயை நூலால் கட்டினார். 1593-ல் அழுகலைப் பற்றித் தனி நூலே போட்ட ஜெர்மானிய சர்ஜன் ஃபாப்ரி, அழுகலுக்கு மேலே, நல்ல சதையிலேயே வெட்டச் சொன்னார். ரத்தத்தை நிறுத்தக் கற்கக் கற்க, வெட்டும் இடம் மேலே ஏறியது. ‘தானே விழட்டும்’ என்பதை முன்னோர் ஞானமாக மட்டும் படித்தால் இது கண்ணில் படாது.

இனி மாமாவின் விரல். காய்ந்த அழுகலா, ஈர அழுகலா? அதைச் சொல்லாமல் ‘கறுத்துவிட்டது’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பேரீச்சம்பழம் போலச் சுருங்கி, வீக்கமில்லாமல், நல்ல தோலுக்கும் கறுப்புக்கும் நடுவே தெளிவான கோடு விழுந்திருந்தால் அது காய்ந்தது. அப்படிப்பட்ட விரலை இன்றைய சர்ஜன்களும் சில நேரம் தானே கழலட்டும் என்று விடுவார்கள். அதுவரை அதை வெந்நீரில் ஊறவைக்கக் கூடாது. ஊறினால் கிருமி புகுந்து ஈர அழுகலாகும். வெந்நீர் ஒத்தடம் அதைவிட மோசம். சுகரில் நரம்பு மரத்திருப்பதால் சுடுவது தெரியாது. சூடேறிய சதை கூடுதல் ஆக்சிஜன் கேட்கும், அடைத்த ரத்தக்குழாயால் தர முடியாது.

பாதம் வீங்கி, நாற்றமடித்து, கசிந்து, கொப்புளம் கண்டு, சிவப்பு கணுக்கால் பக்கம் ஏறினால் ஈர அழுகல். அதோடு காய்ச்சலோ, காரணமில்லாமல் சுகர் எகிறுவதோ இருந்தால் கிருமி உடம்புக்குள் இறங்குகிறது. தோலை அழுத்தும்போது உள்ளே நறநறவென்றால் வாயு சேர்ந்திருக்கிறது, இனி மணிக்கணக்குதான். இங்கே 80 நாள் காத்திருந்தால் விழுவது விரல் அல்ல, ஆள்.

புண் செருப்பு வாரில் தொடங்கியது என்கிறீர்கள். சாதாரண உரசல் ஆறாமல் கறுத்தால் குழாய் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். ஆகவே டாக்டரிடம் ‘எங்கே வெட்டுவீர்கள்’ என்று கேட்பதற்கு முன், ‘ரத்தம் திரும்ப ஓட வைக்க முடியுமா’ என்று கேளுங்கள். கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்து 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு. ஆனால் சுகர்க்காரர்களின் குழாய் சுண்ணாம்பு ஏறி விறைத்திருக்கும். அடைப்பு இருந்தும் கணக்கு 1.3, 1.4-க்கு மேலே காட்டி ஏமாற்றும். அதனால் டாப்ளரும் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்), கால்விரல் பிரஷரும் பார்க்கச் சொல்லுங்கள். கால்விரல் பிரஷர் 30-க்குக் (mmHg) கீழே என்றால் வெட்டிய புண்ணும் ஆறுவது கடினம். முதலில் பலூன் வைத்தோ பைபாஸ் செய்தோ குழாயைச் சரிசெய்ய முடியுமா என்று பார்ப்பார்கள். ஈர அழுகலில் மட்டும் இந்த வரிசை மாறும்: சீழை உடனே திறந்துவிட்டுத்தான் குழாய் வேலை. மாமா பீடி பிடிப்பவரானால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்; திறந்த குழாயும் மறுபடி அடைக்கும்.

வீக்கமோ நாற்றமோ இருந்தால், இந்த இதழை அப்படியே வைத்துவிட்டு, ஓ.பி.டி. வரிசையில் நிற்காமல் சயான் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு அவரை இன்றே கூட்டிப் போங்கள்.