எந்தக் கறிக்கு எந்தத் துண்டு? வாசகர் கேள்விகள்

ஒரே குக்கரில் வெந்த ஆட்டுக்கறியில் சில துண்டுகள் பஞ்சாகவும் சில ரப்பராகவும் இருக்கின்றன. கறி முற்றலா, வேகவைத்த விதம் தவறா?

இரண்டும் இல்லை. ஒரே பையில் கழுத்து, நெஞ்செலும்பு, தொடை, சாப்ஸ் எல்லாம் கலந்து வந்திருக்கும். ஆடு ஓயாமல் உழைக்க வைக்கும் கழுத்து, முன்னங்கால், கணுக்கால் பகுதிகளில் ஜவ்வும் நரம்பும் அதிகம். அந்த ஜவ்வில் இருப்பது கொலாஜன். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அது முதலில் சுருங்கி இறுகும். 70-க்கு மேல் நெடுநேரம் இருந்தால்தான் கரைந்து, குழம்பைக் கெட்டியாக்கும் ஜெலட்டினாக மாறும். முதுகை ஒட்டிய சாப்ஸில் ஜவ்வு குறைவு. அது சீக்கிரம் வெந்துவிடும், மேலும் வைத்தால் சாறு வெளியேறிச் சக்கையாகிவிடும்.

ஆகவே துண்டுகளைப் பிரித்துப் போடுங்கள். கழுத்து, நல்லி, நெஞ்செலும்பு முதலில். ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிடம், இளங்கறி என்றால் 12. ஆவி தானாக அடங்கியபின் திறந்து, சாப்ஸைச் சேர்த்து இன்னும் 8 நிமிடம். எல்லாத் துண்டும் 3 முதல் 4 செ.மீ. அளவில் இருக்கட்டும்.

கறி சரியில்லை என்று தோன்றினால் ஒரு துண்டைக் கரண்டியால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியது துள்ளி மேலே வந்தால் இன்னும் நேரம் வேண்டும். நார் நாராகப் பிரிந்தும் வாயில் வறண்டிருந்தால் நேரம் கூடிவிட்டது, அதை மீண்டும் அடுப்பில் ஏற்றிப் பயனில்லை. இரண்டையுமே ‘கறி கெட்டி’ என்று சொல்லிவிடுவதுதான் வழக்கம். அதனால்தான் வெந்து முடிந்ததை மறுபடி வேகவைக்கிறோம்.

எலும்பில்லாத தொடைக்கறி வறுத்தால் மெல்ல முடியவில்லை.

நார் ஓடும் திசையிலேயே வெட்டியிருப்பீர்கள். கறியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் இழைகள் ஒரு பக்கமாக ஓடுவது தெரியும். கத்தி அதற்குக் குறுக்கே போக வேண்டும், துண்டு அரை செ.மீ. கனம். ஃப்ரீஸரில் அரை மணி நேரம் வைத்து வெட்டினால் மெல்லிசாக வரும். மேலே பளபளக்கும் வெள்ளி நிற ஜவ்வை உரித்துவிடுங்கள், வறுவலுக்கான நேரத்தில் அது கரையாது.

மீன் குழம்பில் துண்டு உடைந்துபோகிறது. குழந்தைக்கு முள் குறைந்த துண்டு எது?

மீன் தசை குட்டையான அடுக்குகளாக இருக்கும். அடுக்குகளை ஒட்டவைக்கும் மெல்லிய சவ்வு, ஆட்டுக்கறியைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். எனவே குழம்புக்கு நடு முள்ளோடும் தோலோடும் குறுக்கே வெட்டிய 2 முதல் 2.5 செ.மீ. கனத் துண்டுதான் சரி. குழம்பு கொதித்துப் பச்சை வாசனை போனபின் மீனைப் போட்டு, சிறு தீயில் 6 முதல் 8 நிமிடம். கரண்டி வேண்டாம், சட்டியைப் பிடித்துச் சுழற்றினால் போதும். மெல்லிய வால் துண்டுகளை 2 நிமிடம் கழித்துப் போடுங்கள். வறுக்க 1 முதல் 1.5 செ.மீ. போதும், ஆனால் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். அடிப்பக்கம் தானாக விடும் முன் திருப்பினால் தோல் கல்லோடு நின்றுவிடும்.

முள் விஷயம் மீனைப் பொறுத்தது. வஞ்சிரம் போன்ற பெரிய கடல் மீனில் வயிற்றுக்குப் பின்னால் வரும் துண்டுகளில் விலா முள் இருக்காது, நடு முள்ளை எடுத்தால் சதை பெரும்பாலும் சுத்தம். கெண்டை இனத்தில் கதை தலைகீழ். கவட்டை போல் பிரிந்த பொடி முட்கள் முதுகிலும் வாலிலும்தான் நிறைய. வயிற்றுத் துண்டில் விலா முட்களே முக்கியம், அவை நீளமானவை, கையில் சிக்கும். குழந்தைக்கு அதைக் கொடுங்கள், அப்போதும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு.

தலை வாங்கினால் செவுளை முழுவதும் பிய்த்தெடுக்கச் சொல்லுங்கள். வயிற்றுக்குள் முதுகு முள்ளை ஒட்டி ஓடும் கருஞ்சிவப்புப் பட்டையைக் கரண்டி முனையால் சுரண்டிக் கழுவுங்கள், வாடையில் பாதி அங்கிருந்துதான் வரும். பித்தப்பை உடைந்து சதையில் பச்சை மஞ்சள் கறை பட்டிருந்தால் கழுவிப் பார்க்காமல் அந்த இடத்தை வெட்டி எறியுங்கள், கசப்பு போகாது.

கோழி நெஞ்சுக்கறி மட்டும் வறண்டுவிடுகிறதே?

தொடைக்கு வேண்டிய நேரம் நெஞ்சுக்கு அதிகம். நெஞ்சுக்கறி உள்ளே 74 டிகிரி வந்ததும் இறக்க வேண்டியது. தொடையோ 80-க்கு மேல் போனால்தான் இன்னும் மிருதுவாகும். தொடைத் துண்டுகளை 10 நிமிடம் முன்னதாகப் போடுங்கள். கிலோவுக்கு 10 கிராம் உப்பை ஒரு மணி நேரம் முன்பே பிசறி ஃப்ரிட்ஜில் வைத்தால் சாறு நிற்கும்.

கொத்துக்கறிக்கு எந்தப் பகுதி?

முன்னங்கால் சப்பை. கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு இருக்கட்டும், சுத்தக் கறியை அரைத்தால் உருண்டை கல்லாகும். முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான், அரைக்கும்போது அது உள்ளேயும் கலந்துவிடுகிறது. அதனால் கொத்துக்கறி உருண்டையின் நடுவில் இளஞ்சிவப்பு மறைகிற வரை இறக்காதீர்கள். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 71 டிகிரி காட்ட வேண்டும்.