காய்ச்சல் விடவில்லையா? வீட்டில் ஆடு மாடு உண்டா?
(குழந்தைகளுக்கு வரும் புருசெல்லா காய்ச்சல்: குழந்தை மருத்துவர் பதில்கள்)

கேள்வி: டாக்டர், ஆறு வயது மகனுக்கு மூன்று வாரமாகச் சாயங்காலமானால் காய்ச்சல். டைஃபாய்டு மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. இப்போது நொண்டி நடக்கிறான்.

பதில்: இதே மாதிரி வந்த ஒரு பையனின் அம்மாவிடம் "ஆடு மாடு இருக்கா?" என்று கேட்டேன். இல்லை என்றார். பையன் குறுக்கிட்டு, "ஆயா வீட்டில் நாலு ஆடு இருக்கு, பால் கறந்து சூடா அப்படியே தருவாங்க" என்றான். அந்தச் சூடு ஆட்டின் உடம்புச் சூடு, அடுப்பின் சூடு அல்ல!

விட்டு விட்டுக் காய்ச்சல், தலையணை நனைகிற வியர்வை, இடுப்பு அல்லது முழங்கால் வலி, வீங்கிய மண்ணீரல் எல்லாம் சேர்ந்தால் புருசெல்லாவை, அதாவது ஆடு மாட்டிடமிருந்து காய்ச்சாத பால் வழியாகவும் தொற்றும் கிருமியை, நினைக்க வேண்டும். காசநோய், ரத்தப் புற்றுநோய்கூட இப்படித் தொடங்கலாம். அதனால் நீங்களாக முடிவு கட்டாமல், நொண்டுவதைச் சொல்லி இந்த வாரமே காட்டுங்கள். ரத்தத்தில் கிருமி வளர்க்கும் பரிசோதனையும் புருசெல்லா எதிர்ப்பொருள் பரிசோதனையும் தேவை. சந்தேகத்தை லேபுக்கும் சொல்லிவிட வேண்டும். கிருமி மெதுவாக வளரும், காற்றில் கலந்தால் அங்கே வேலை செய்பவருக்கே தொற்றும்.

கேள்வி: என்ன மருந்து? எத்தனை நாள்?

பதில்: எட்டு வயதுக்குக் கீழே என்றால் பொதுவாக கோட்ரைமாக்சசோலும் ரிஃபாம்பிசினும், அதற்கு மேல் டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும். ஆறு வாரம். எலும்பு, இதயம், மூளை பாதித்திருந்தால் தொடக்கத்தில் ஜென்டாமைசின் ஊசியும் சேரும், காலமும் நீளும். அளவை மருத்துவர் எடை பார்த்துச் சொல்வார். சில நாளில் காய்ச்சல் இறங்கியதும் "சரியாப்போச்சு" என்று பாட்டிலை மூடி வைக்கிறார்கள். செல்லுக்குள் ஒளிந்திருக்கும் கிருமி அப்புறம் திரும்பி வரும். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: தம்பிக்கு ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் அவனும் அதே பாலைத்தானே குடித்தான்? காய்ச்சல் இருந்தால் அவனுக்கும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஆடு மாதம் நிறையாமல் குட்டி வீசிவிட்டது. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள்.

பதில்: நஞ்சுக்கொடியில் கிருமி ஏராளம். கையுறை போட்டுப் பெரியவர்கள் ஆழமாகப் புதையுங்கள், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நோய் தலைகாட்ட ஐந்து நாளும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம்.

கேள்வி: தடுப்பூசி?

பதில்: மனிதருக்கு இல்லை. நான்கு முதல் எட்டு மாதப் பெண் கன்றுகளுக்குக் கன்று வீச்சு நோய்த் (மாட்டுக்கு வரும் புருசெல்லா நோய்) தடுப்பூசி உண்டு. அதில் இருப்பது உயிருள்ள கிருமி. ஊசி போடும்போது கன்றைப் பிடிக்கப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.