வாசகர் கேள்வி – பதில்: பெரம்பூர் ஆலையும் சங்கம் வைக்கும் உரிமையும்

கேள்வி: 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கமே இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்கிறார்கள். அதற்குப் பத்தாண்டு முன்பே எங்கள் ஊரில் வ.உ.சி. நடத்திய வேலைநிறுத்தம் கணக்கில் வராதா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: வேலைநிறுத்தம் வேறு, சங்கம் வேறு. 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வ.உ.சி.யின் வழிகாட்டுதலில் வேலையை நிறுத்தி, சில நாள்களிலேயே நிர்வாகத்தை இறங்கிவரச் செய்தார்கள். அந்த வெற்றி ஒரு நிலையான அமைப்பாக வளர்வதற்குள் மார்ச் மாதத்தில் அவர் கைதுசெய்யப்பட்டார். பம்பாயில் 1890இல் லோகண்டே தொடங்கிய மில் தொழிலாளர் அமைப்புக்கோ உறுப்பினர் பட்டியலும் நிதியும் விதிகளும் இருக்கவில்லை. இவை அனைத்தும் கொண்ட சங்கமாக 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் எழுந்ததால்தான் சென்னைச் சங்கத்துக்கு அந்தச் சிறப்பு பொருந்துகிறது. பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாடிக் துணி ஆலைகளில் உழைத்தவர்களின் குறைகளை அன்றாடம் கேட்டுவந்த செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இரு வணிகர்கள்தாம் அதற்கு வித்திட்டவர்கள். அன்னி பெசண்டின் தோழரான பி.பி. வாடியாவைத் தேடிச் சென்று அழைத்து வந்தவர்களும் அவர்களே. சங்கத் தலைவர்களாக வாடியாவும் திரு.வி.க.வும் பெற்ற புகழில் நூற்றில் ஒரு பங்குகூட இவ்விருவருக்கும் கிடைக்காதது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

கேள்வி: அந்தச் சங்கத்தை ஆலை முதலாளிகள் நீதிமன்றத்தின் மூலம் முடக்கினார்கள் என்பது உண்மையா? சங்கம் வைப்பது அப்போது குற்றமாக இருந்ததா? (வேலூர் வாசகர்)

பதில்: உண்மைதான். சங்கம் வைக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் சங்கம் செய்யவேண்டிய வேலையைச் செய்தவரைக் காக்கும் சட்டமும் இல்லை. 1920இன் இறுதியில் பக்கிங்காம் ஆலையில் கதவடைப்பு நடந்து, டிசம்பரில் போலீசார் சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். அதே காலத்தில், ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம், தொழிலாளர்களை அவர்களுடைய வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தூண்டினார்கள் என்று கூறி, வாடியா உள்ளிட்ட தலைவர்கள்மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்குத் தொடர்ந்தது. நீதிமன்றமும் தடையாணை வழங்கியது.

இங்கே ஓர் அநீதியைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் இத்தகைய வழக்குகளிலிருந்து சங்கங்களைக் காக்க 1906ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருந்தது. லண்டனில் ஒரு தொழிற்சங்கத் தலைவர் எந்தப் பேச்சை அச்சமின்றிப் பேசலாமோ, அதே பேச்சுக்காகப் பெரம்பூரில் ஒருவர் சொத்தையெல்லாம் இழக்கும் நிலை இருந்தது. 1921 ஜனவரியில் வாடியா சங்கத்தை விட்டு விலகுவது என்ற நிபந்தனையின்பேரில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. தலைவரை இழந்து பெற்ற சமாதானம் அது.

ஆனால் அந்த வழக்கே நாடெங்கும் சட்டத்தின் தேவையை உணர்த்தியது. அதே ஆண்டு மார்ச்சில் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் தொழிற்சங்கப் பதிவுக்கும் பாதுகாப்புக்கும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் இயற்றப்பட்டு 1927 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த தொழிற்சங்கச் சட்டம், ஏழு பேர் சேர்ந்தாலே சங்கத்தைப் பதிவுசெய்யலாம் என்றது. அதன் 18ஆம் பிரிவு, தொழில் தகராறின்போது வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்பதை மட்டும் காரணமாக்கிப் பதிவுபெற்ற சங்கத்தின்மீதோ அதன் நிர்வாகிகள்மீதோ வழக்குத் தொடர முடியாது என்றது. வாடியாவை வெளியேற்றிய ஆயுதத்தின் முனை அந்த ஒரு பிரிவில் மழுங்கியது. எனினும், பதிவுபெற்ற சங்கத்தை முதலாளி அங்கீகரித்தே ஆகவேண்டும் என்று அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அது பெரிய குறை.

கேள்வி: அவ்வளவு வலிமையான சங்கம் 1921 வேலைநிறுத்தத்தில் ஏன் தோற்றது? (சென்னை வாசகர்)

பதில்: நிர்வாகத்தின் பிடிவாதமும் அரசின் துப்பாக்கியும் மட்டுமே காரணம் என்று எழுதினால் அது பாதி உண்மையாகும். பல மாதங்கள் நீண்ட அப்போராட்டத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் தங்கள் தலைவர் எம்.சி. ராஜாவின் கருத்தை ஏற்று வேலைக்குத் திரும்பினர். உடனே மோதல் சாதிக் கலவரமாக மாறிப் புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் எரிக்கப்பட்டன. அவர்களைக் கருங்காலிகள் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. ஆனால் ஆலைக்குள் தோழர் என்றழைத்தவர் ஆலைக்கு வெளியே தம் தெருவுக்குள் நுழையவிடாத காலத்தில், வேலை ஒன்றையே பிடிமானமாகக் கொண்டிருந்த மக்களிடம் அதையும் விட்டுவிடச் சொன்னவர்கள், அதற்கு ஈடாக எந்த உறுதியையும் அளிக்கவில்லை. அக்டோபரில் வேலைநிறுத்தம் முறிந்தபோது தொழிலாளர்கள் கேட்டது எதுவும் கிடைக்கவில்லை. குடிசைகளை இழந்தவர்களுக்கும் அந்தச் சங்கத்துக்கும் இடையில் விழுந்த பிளவோ வேலைநிறுத்தத்தோடு முடிந்துவிடவில்லை.