நான்கு டிஸ்க், ஒரு சின்னப் பெட்டி, கத்திரி வெயில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வீட்டு ஃபைல் சர்வருக்கான (வீட்டுக் கோப்புகளை ஓரிடத்தில் சேமித்துவைக்கும் கணினி) கேபினட் பற்றியவை. வெயில் ஏற ஏற டிஸ்க் வெப்பநிலையைப் பார்த்துப் பதறுகிறவர்களும் ஏறுகிறார்கள். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: குடும்பப் படங்கள், வீடியோக்களைச் சேமிக்க நான்கு ஹார்ட் டிஸ்க் போட்டு சர்வர் கட்டுகிறேன். கடைக்காரர் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த, ஆறு ஃபேன் உள்ள கேபினட்டைக் காட்டி, "இதில் சூடு என்ற பேச்சே வராது" என்கிறார். வாங்கலாமா? (மதுரை)

வேண்டாம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. விளையாட்டுக் கணினியை மனத்தில் வைத்துச் சொல்கிறார். அங்கே கொதிப்பது கிராஃபிக்ஸ் கார்டு, உங்கள் பெட்டியில் டிஸ்க்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நான்கு டிஸ்க், சிறிய மதர்போர்டு எல்லாம் சேர்த்து 60 வாட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் காற்று 5 டிகிரி மட்டும் சூடேறி வெளியே வர வேண்டுமானால், நிமிடத்துக்குச் சுமார் 600 லிட்டர் காற்று ஓடினால் போதும். தடையில்லாத இடத்தில் ஒரே ஒரு 120 மி.மீ. ஃபேன் 1,000 லிட்டருக்கு மேல் தள்ளிவிடும். ஆக, காற்றுக்குப் பஞ்சமே இல்லை. அது எந்த வழியாகப் போகிறது என்பதுதான் விஷயம். இரண்டு டிஸ்க்குக்கு நடுவே உள்ள இடுக்கில் சுண்டுவிரல் நுழைவதே கஷ்டம். பக்கத்திலேயே நான்கு விரல் அகலத்துக்குக் காலி இடம் இருந்தால் காற்று எதைத் தேர்ந்தெடுக்கும்? மடை உடைந்த வாய்க்கால் போல எல்லாம் அந்தப் பக்கம் ஓடிவிடும். ஆறு ஃபேனும் சேர்ந்து வெற்றிடத்தைக் குளிர்வித்துக்கொண்டிருக்கும்.

ஆகவே கடையில் பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். டிஸ்க் கூண்டுக்கு நேர் எதிரே ஃபேன் இருக்கிறதா? இரண்டுக்கும் நடுவே காற்று நழுவிப் போக இடைவெளி உண்டா? முன்பக்கம் வலையா, கண்ணாடியா? இந்த மூன்றைப் பார்த்தால் போதும். ஃபிராக்டல் டிசைன் நிறுவனத்தின் நோட் 304 இன்னும் பலருக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் இதுதான். ஆறு டிஸ்க்குகள் செங்குத்தாகத் தொங்க, அவற்றின் முன்னால் இரண்டு 92 மி.மீ. ஃபேன்கள், பின்னால் ஒரு 140 மி.மீ. ஃபேன். முன்னே நுழைந்து, டிஸ்க்குகளை உரசிக்கொண்டு, பின்னே வெளியேறுகிறது காற்று. அழகு என்று சொல்ல எதுவும் இல்லை, கறுப்போ வெள்ளையோ ஒரு பெட்டி.

வீட்டுக்கு வந்தபின் ஓர் ஊதுபத்தி கொளுத்தி முன்பக்க வலை அருகே பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே இழுக்கப்பட வேண்டும். நான் ஒருமுறை பின்பக்க ஃபேனைத் திருப்பி மாட்டிவிட்டு, மூன்று வாரம் மென்பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஊதுபத்திதான் காட்டிக்கொடுத்தது. ஃபேனின் சட்டத்தில் காற்று போகும் திசைக்குப் பெரும்பாலும் அம்புக்குறி இருக்கும். இப்போதெல்லாம் அதைப் பார்க்காமல் மாட்டுவதில்லை.

கேள்வி: மதர்போர்டு அளவில் எதை எடுக்கலாம், மினி ஐடிஎக்ஸா, மைக்ரோ ஏடிஎக்ஸா? (திருச்சி)

ஆறு டிஸ்க் வரை மினி ஐடிஎக்ஸ் போதும். அந்த போர்டு 170 மி.மீ. சதுரம், கார்டு செருக ஒரே ஓர் இடம்தான் இருக்கும். பிற்காலத்தில் கூடுதல் டிஸ்க்குகளை இணைக்கும் கன்ட்ரோலர் கார்டு, வேகமான நெட்வொர்க் கார்டு இரண்டும் வேண்டும் என்று தோன்றினால் இப்போதே 244 மி.மீ. மைக்ரோ ஏடிஎக்ஸுக்குப் போய்விடுங்கள். பெட்டி கொஞ்சம் பெரிதாகும், பாதகமில்லை.

கேள்வி: பகல் வேளையில் டிஸ்க் 47 டிகிரி காட்டுகிறது. தரவு எல்லாம் போய்விடுமோ என்று தூக்கம் வரவில்லை. (வேலூர்)

தூங்குங்கள். 2007ஆம் ஆண்டு கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளின் பதிவுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெப்பம் கூடக்கூடப் பழுதும் கூடும் என்ற பொதுநம்பிக்கையை அது ஆட்டிப்பார்த்தது. குளிர்ந்த டிஸ்க்குகளில்தான் பழுது அதிகம். மிக உயர்ந்த வெப்பநிலைகளில், அதுவும் மூன்று வயது கடந்தவற்றில்தான் சூட்டின் கெடுதல் தெளிவாகத் தெரிந்தது. இதைச் சொல்லிவிட்டு டிஸ்க்கை வறுக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். அவை குளிரூட்டப்பட்ட தரவு மையத்தில் ஓடியவை, உங்கள் மாடி அறையில் அல்ல.

டிஸ்க்கின் எண்ணை மட்டும் பார்க்காமல் அறை வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம்தான் கேபினட்டின் மதிப்பெண். காற்றோட்டம் நன்றாக இருந்தால் அறையைவிட 8 முதல் 10 டிகிரிக்குள் நிற்கும். வேலூர் வெயிலில் அறையே 37 என்றால் உங்கள் 47 நல்ல கணக்கு. கேபினட் தன் வேலையைச் செய்கிறது, இதைவிடக் குறைய வேண்டுமானால் அறையைத்தான் குளிர்விக்க வேண்டும். அறை 29 இருக்கும்போது டிஸ்க் 47 என்றால் காற்று வழி அடைபட்டிருக்கிறது என்று பொருள். வீட்டு சர்வருக்கான டிஸ்க்குகள் பலவற்றுக்கு உற்பத்தியாளர் தரும் உச்சவரம்பு 60 அல்லது 65 டிகிரி. நான் 50இல் மூடியைத் திறந்து பார்ப்பேன், 55இல் அணைத்துவிடுவேன்.

கேள்வி: எட்டு டிஸ்க் போடும் சின்ன கேபினட் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஓரத்தில் இருப்பவை 41, நடுவில் இருப்பவை 54. ஃபேனை மாற்றினால் சரியாகுமா? (கோயம்புத்தூர்)

ஃபேனுக்குச் செலவழிக்கும் முன் ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் ஃபேனுக்கும் டிஸ்க் கூண்டுக்கும் நடுவே இரண்டு அங்குல இடைவெளி தெரிகிறது. காற்று கூண்டின் வாசல்வரை வந்து, திரும்பி, மதர்போர்டு பக்கம் போய்விடுகிறது. ஃபேனின் நான்கு விளிம்பிலிருந்தும் கூண்டின் விளிம்பு வரை அட்டையை வெட்டி ஒரு புனல் போல ஒட்டுங்கள். மேலும் கீழும் விட்டுவிடாதீர்கள், காற்று அங்கேதான் தப்பும். முதலில் செய்தித்தாளில் அளவு வெட்டிப் பார்த்துவிட்டு அட்டைக்குப் போனால் வீணாகாது. பார்க்க அசிங்கமாக இருக்கும், மூடியைப் போட்டபின் யார் பார்க்கப்போகிறார்கள்? பலனைப் பார்த்தபின் பிளாஸ்டிக் தகட்டில் செய்துகொள்ளலாம்.

இன்னொன்று. இப்போது உங்களிடம் இருப்பது ஐந்து டிஸ்க்தான் என்றால் அவற்றை ஏன் ஒட்டி ஒட்டிச் செருகியிருக்கிறீர்கள்? முடிந்தவரை ஒன்று விட்டு ஒன்று செருகுங்கள்.

ஃபேன் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அதிகக் காற்று என்று விளம்பரப்படுத்துவதை வாங்காதீர்கள். இடுக்கில் திணித்துத் தள்ளும் அழுத்தம் உள்ளதைக் கேளுங்கள். கழற்றி மாட்டும் வசதியுள்ள கூண்டுகளில் டிஸ்க்குக்குப் பின்னால் ஒரு சர்க்யூட் போர்டு மறித்து நிற்கும். அதில் உள்ள ஓட்டைகள் வழியாகத்தான் காற்று போக வேண்டும். ஜான்ஸ்போ என்3 போன்ற எட்டு டிஸ்க் பெட்டிகளில் அந்த போர்டுக்குப் பின்னால் இரண்டு 100 மி.மீ. ஃபேன் வைத்து இழுப்பது அதனால்தான்.

கேள்வி: இரவில் நகல் எடுக்கும் வேலை நடக்கும்போது டிஸ்க் சூடாகிறது, ஃபேன் மட்டும் மெதுவாகவே சுற்றுகிறது. ஃபேன் பழுதா? (சென்னை)

பழுதில்லை. மதர்போர்டு பெரும்பாலும் பிராசஸரின் சூட்டை மட்டும் பார்த்துத்தான் ஃபேனை ஓட்டும். நகல் எடுக்கும்போது பிராசஸர் சும்மா இருக்கும், டிஸ்க் மாடாய் உழைக்கும். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் என்ற அமைப்புப் பக்கத்தில் அந்த ஃபேனின் குறைந்தபட்ச வேகத்தை 50 சதவீதத்துக்கு உயர்த்திவிடுவது எளிய வழி. சர்வரில் ஓடும் இயங்குதளம் லினக்ஸ் என்றால், 2020இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து டிஸ்க் வெப்பநிலையைத் தரும் 'டிரைவ்டெம்ப்' என்ற துணைநிரல் அதன் மையப் பகுதியான கெர்னலிலேயே உண்டு. ஃபேனை அதனுடன் இணைத்துவிட்டால் டிஸ்க் சூடானால் மட்டும் வேகமெடுக்கும்.

கேள்வி: சத்தம் கேட்காமல் இருக்கப் பரணில் வைக்கலாமா? (சேலம்)

மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரண் வீட்டிலேயே சூடான இடம். மூடிய அலமாரியும் அப்படித்தான், வெளியேறிய சூட்டையே திரும்ப இழுத்துக்கொள்ளும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், பின்பக்கம் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

கேள்வி: சின்ன கேபினட்டுக்கு எத்தனை வாட் எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வேண்டும்? (ஈரோடு)

டிஸ்க் சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் ஒவ்வொன்றும் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும், அதாவது 24 வாட். ஆறு டிஸ்க்குக்கு 144. அதன்மேல் போர்டுக்கு 50 வாட் வைத்தாலும் 300 வாட்டுக்குள் அடங்கும். கவனிக்க வேண்டியது அளவை. எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய அளவைக் கேட்கும் கேபினட்டில் பெரிய அளவான ஏடிஎக்ஸ் நுழையாது. ஏடிஎக்ஸ் நுழையும் நோட் 304இலும் 160 மி.மீ. நீளத்துக்கு மேல் போகக் கூடாது. டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா பவர் இணைப்புகளை எண்ணிப் பாருங்கள். போதாமல் பழைய நான்கு முள் இணைப்பிலிருந்து பிரித்து எடுக்கும் மலிவு வயர் வாங்குவதாக இருந்தால், பிளக்கைத் திருப்பிப் பாருங்கள். வயர்களின் மேல் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகை உள்ளுக்குள் தொட்டுக்கொண்டு எரிந்த கதைகள் நிறைய. வயர்கள் தனித்தனியாகச் செருகி, பின்னால் மூடி போட்ட வகையையே கேட்டு வாங்குங்கள். விலை வித்தியாசம் ஒரு காபிக் காசு.