கயிற்றுக்காரர் பதில்கள்

(காரைக்குடிக்காரர். பாறை ஏறக் கற்றுக்கொடுப்பவர், பழைய வீடுகளின் முகப்பில் கயிற்றில் இறங்கிச் செடி எடுப்பவர். வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறார்.)

பாறை ஏறுபவர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? அலெக்ஸ் ஹானல்டுதானே?
– கல்லூரி மாணவி, தேவகோட்டை

எல்லாரும் அவர் பேரைத்தான் சொல்வார்கள். 2017 ஜூன் 3 அன்று, அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 3,000 அடி உயரமான எல் காபிடன் பாறையில் கயிறே இல்லாமல் 3 மணி 56 நிமிடத்தில் ஏறிவிட்டார். அதை யார் மறுக்க முடியும்? ஆனாலும் என் மனசுக்குப் பிடித்தவர் கேத்தரின் டெஸ்டிவெல்.

பிரான்சுக்காரர். 1960இல் அல்ஜீரியாவில் பிறந்தவர். பள்ளிப் பருவத்திலேயே பாரிசுக்குப் பக்கத்தில் ஃபோன்டேன்ப்ளோ காட்டுப் பாறைகளில் தொற்றிக்கொண்டு திரிந்தார். படித்தது பிசியோதெரபி, பார்த்த வேலையும் அதுதான். 1985இல் இத்தாலியின் பார்டோனெக்கியா என்ற ஊரில் நடந்த போட்டியில் ஜெயித்தார். அடுத்த சில வருடங்கள் போட்டி என்றாலே அவர் பேர்தான். நம் ஆட்கள் என்றால் அந்தப் பேரை வைத்தே கடைசிவரை காலம் ஓட்டியிருப்பார்கள். அம்மணி அதை விட்டுவிட்டுப் பனிமலைக்குப் போய்விட்டார்! வெயிலில் காய்ந்த பாறையை விரல் நுனியால் பிடித்து ஏறியவர், கையுறை மாட்டிக்கொண்டு பனிக்கோடரியால் கொத்தி ஏற வேண்டும். கைப்பழக்கம் எல்லாமே புதிது. 1991இல் ஆல்ப்ஸ் மலையின் ட்ரூ சிகரத்தில் தனி ஆளாகப் புதுப் பாதை போட்டார். 11 நாள் அந்தச் செங்குத்துச் சுவரிலேயே சாப்பாடு, தூக்கம் எல்லாம். 1992 மார்ச்சில், கடுங்குளிரில், சுவிட்சர்லாந்தின் ஐகர் சிகரத்தின் வடமுகத்தில் தனியாக 17 மணி நேரத்தில் ஏறி முடித்தார்.

1996இல் அன்டார்க்டிகாவில் ஒரு சிகரத்தின் உச்சிக்கே போன பிறகு, போட்டோவுக்கு நகர்ந்து நின்றபோது விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். இவ்வளவு மலை ஏறியவருக்கு வினை போட்டோவில் வந்தது. (செல்ஃபி பிரியர்கள் கவனிக்க.) அப்புறம் மலை சம்பந்தமான புத்தகங்களுக்கென்றே பதிப்பகம் தொடங்கினார். 2020இல் மலையேறிகளுக்கான பெரிய விருதான பியோலே டோர், வாழ்நாள் சாதனைக்காகக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

பேர் வாங்கிய இடத்தை விட்டுவிட்டு, திரும்பவும் முதல் வகுப்பில் போய் உட்காரக் கூச்சப்படாத மனசு இருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடித்தது.

மகள் வயிற்றுப் பேரன் லீவுக்கு வந்தால் கல்குவாரியில் கயிறு இல்லாமல் ஏறுகிறான். கேட்டால் செல்லில் அந்த அமெரிக்காக்காரரைக் காட்டுகிறான். எப்படித் தடுப்பது?
– ஓர் ஆயா, பள்ளத்தூர்

ஆச்சி, ஏறுவதைத் தடுக்க வேண்டாம், குவாரியைத் தடுத்துவிடுங்கள். வெடி வைத்த கல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருக்கும். தட்டிப் பார்த்தால் பொள்ளல் சத்தம் வருகிற இடத்தில் கை வைக்கவே கூடாது. கீழே தேங்கிய தண்ணீர் எவ்வளவு ஆழம் என்றும் யாருக்கும் தெரியாது. வேறு பாறைக்குப் போனாலும் மலைத்தேனீக்கூடு தொங்குகிறதா என்று முதலில் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த அமெரிக்காக்காரர் அதே பாதையில் கயிறு கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தவர். கை எங்கே, கால் எங்கே என்று மனப்பாடம் செய்த பிறகுதான் கயிற்றை அவிழ்த்தார். பேரனிடம் இந்தப் பாதியையும் சொல்லுங்கள்.

கயிறு வாங்கித் தருவதானால் லாரிக் கயிறு வேண்டாம். ஏறுவதற்கென்று வரும் நைலான் கயிற்றில் உள்ளே இழைகள், மேலே பின்னிய உறை. ஆள் விழுந்தால் அது கொஞ்சம் நீண்டு கொடுக்கும்; அந்த நீட்சிதான் முதுகையும் இடுப்பையும் காப்பாற்றும். நீளாத கயிற்றில் விழுந்தால் வெட்டி இழுக்கும் அதிர்ச்சி முழுக்க உடம்புக்குத்தான். கயிற்றைப் பிடிக்கக் கீழே வேலை தெரிந்த ஆள் ஒருவரும் வேண்டும். அப்படித் தெரிந்தவரிடம் கற்றுக்கொள்ளட்டும், விட்டுவிடுங்கள்.

சித்தன்னவாசல் பாறையில் ஏறிப் பழகலாமா?
– வாசகர், திருமயம்

கூடாது. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம். படிவழியே ஏழடிப்பட்டம் என்ற சமணர் குகைக்குப் போங்கள். பாறையில் கால் வைக்கக் குழி வெட்டி, அதைத் தாண்டிப் போய்க் குகைக்குள் வழவழவென்று படுக்கை செதுக்கியிருக்கிறார்கள் சமணத் துறவிகள். ஷூவும் கயிறும் இல்லாத காலத்து ஆட்கள்!

வயது 45, தொப்பை உண்டு, கையில் பலமில்லை. பாறை ஏறலாமா?
– வாசகர், காரைக்குடி

டாக்டர் சரி என்றால் தாராளமாக. ஆளைத் தூக்குவது கால்தான். நம் பக்கத்துச் சரிவுப் பாறைகளில் கைக்குப் பிடியே இருக்காது. ரப்பர் ஷூவை அழுத்தி வைத்து நிமிர்ந்து நின்றால் உராய்வே தாங்கும். பயந்துபோய்ப் பாறையோடு ஒட்டிக்கொண்டால்தான் கால் வழுக்கும். பங்குனி, சித்திரையில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டு முகப்பில், கஜலட்சுமி சுதைக்குப் பக்கத்தில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. ஆள் வைத்து இழுத்துப் பிடுங்கிவிடலாம் என்று பங்காளிகள் முடிவு செய்திருக்கிறார்கள். சரியா?
– வாசகர், கானாடுகாத்தான்

பங்காளிகள் ஒரு முடிவுக்கு வந்ததே பெரிய விஷயம். ஆனால் இந்த முடிவு வேண்டாம். வேர் சுண்ணாம்புக் காரைக்குள் புகுந்திருக்கும். இழுத்தால் லட்சுமியும் கூடவே வந்துவிடுவாள். தண்டை ஒட்ட அறுத்து, வெட்டுவாயில் மருந்து தடவி, வேர் செத்த பிறகு சின்ன உளியால் நோண்டி எடுத்து, சுண்ணாம்புக் காரையாலேயே அடைக்க வேண்டும். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று பழைய காரையையும் கெடுக்கும்.

இந்த வேலைக்கு மட்டும் நீளாத கயிறுதான் சரி, இல்லாவிட்டால் உளி வைக்கும்போது ஊஞ்சலாடும். தொங்க ஒன்று, காப்புக்கு ஒன்று என இரண்டு கயிறு. கைப்பிடிச் சுவரில் கட்டவே மாட்டேன். முற்றத்துக் கல்தூண் வரை கொண்டுபோய்க் கட்டி, விளிம்பில் சாக்கை மடித்துப் போட்டுத்தான் இறங்குவேன். ஐப்பசி மழைக்கு முன்னால் சொல்லி அனுப்புங்கள். மொட்டைமாடிச் சாவி எந்தப் பங்காளியிடம் இருக்கிறது என்பதையும் இப்போதே விசாரித்து வையுங்கள்.