சின்னக் காடியின் காலம் முடிந்ததா?

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். என்னிடம் 2013 பெரோடுவா மைவி 1.3 இருக்கிறது. "இனிமேல் சின்னக் காடியே வராது, எல்லாம் எஸ்யுவிதான். இப்பவே மாத்திடுங்க" என்று விற்பனையாளர் பெரோடுவாவின் சிறிய எஸ்யுவியான அத்திவாவைக் காட்டுகிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி. கனமழைக்கு எங்கள் சாலையில் தண்ணீர் ஏறும். மாற்றலாமா?

பதில்: விற்பனையாளர் சொன்னது அமெரிக்கக் கதை. அங்கே 2018-இல் ஃபோர்டு தன் சிறிய கார்களையும் செடான்களையும் கைவிடப்போவதாக அறிவித்தது. ஐரோப்பாவிலும் அதன் சின்னக் கார் ஃபியெஸ்டா 2023-இல் நின்றது. அமெரிக்காவில் வெளிநாட்டு பிக்கப் டிரக்குக்கு 1964 முதல் 25 விழுக்காடு வரி. எரிபொருள் விதியில் எஸ்யுவி பெரும்பாலும் 'டிரக்' வகையில் சேர்வதால் அதற்கு விதியும் தளர்வு. இவற்றோடு, ஒரு வண்டிக்குக் கிடைக்கும் லாபமும் அதிகம். இந்த வரியும் விதியும் நம் ஊரில் இல்லை. லாபக் கணக்கு மட்டும் இங்கேயும் உண்டு.

அதற்கு அத்திவாவே சாட்சி. 2023-இல் வந்த பெரோடுவாவின் சின்னக் காடி ஆக்சியாவுக்கும் அதற்கும் அடித்தளம் ஒன்றே. அறிமுக விலையோ ஆக்சியாவுக்கு 38,600 ரிங்கிட்டிலிருந்து, அத்திவாவுக்கு 61,500-இலிருந்து. அத்திவாவில் டர்போ இன்ஜின் இருக்கிறது, உண்மைதான். ஆனாலும் அந்த வித்தியாசத்தில் உயரத்துக்கும் தோற்றத்துக்கும் கொடுக்கும் காசு கொஞ்சமில்லை. பெரோடுவா ஆக்சியாவையும் மைவியையும் விட்டுவிடவும் இல்லை. எனவே பயந்து மாற்றாதீர்கள்.

அம்மாவின் முழங்கால் வேறு விஷயம். மாற்றுவதற்கு அதுதான் நியாயமான காரணம். வீட்டில் அவர் சிரமமில்லாமல் உட்கார்ந்து எழும் நாற்காலியின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அளவு நாடாவோடு ஷோரூமுக்குப் போய், தரையிலிருந்து இருக்கையின் மேல்விளிம்புவரை அளவெடுங்கள். அம்மா உட்காரப்போகும் கதவுப் பக்கத்தில்தான் அளக்க வேண்டும். நாற்காலியைவிடத் தாழ்வாக இருந்தால் எழும்போது முழங்கால் வலிக்கும். அதிகம் உயர்ந்தால் ஏறவே காலைத் தூக்க வேண்டும். அம்மாவையே நாலைந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஒருமுறை பார்த்தால் போதாது, வலி இரண்டு மூன்று தடவைக்குப் பிறகே தெரியலாம்.

தண்ணீர் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். இப்போதைய மைவியின் தரை இடைவெளி 160 மி.மீ., அத்திவாவுக்கு 200. வித்தியாசம் நான்கு சென்டிமீட்டர், இரண்டு விரற்கடை. இந்த இடைவெளி மேடுபள்ளத்துக்கானது. எவ்வளவு ஆழத் தண்ணீரில் ஓட்டலாம் என்பதற்கான அளவு அல்ல. வேகமாகப் போனால் முன்னால் அலை எழும்பிக் காற்று உறிஞ்சும் குழாய்க்குள் நீர் புகும். நீரை அமுக்க முடியாததால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும்; இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். தண்ணீரில் நின்றுபோன வண்டியை எக்காரணம் கொண்டும் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

செலவையும் பாருங்கள். ரோடு டேக்ஸில் அத்திவாவுக்கு ஆதாயம்: 998 சிசி என்பதால் 20 ரிங்கிட், உங்கள் மைவிக்கு 70. ஆனால் டயரில் அது போய்விடும். உங்களுடையது 14 அங்குலம், அத்திவாவின் உயர்ரகத்துக்கு 17. டர்போ ஆயில் மாற்றத் தாமதித்தால் பொறுக்காது. ஆறு மாதம் அல்லது 10,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும். உங்கள் வண்டி நிறுத்துமிடத்தையும் அளந்துவிடுங்கள்: அத்திவா உங்கள் மைவியைவிட 375 மி.மீ. நீளம், 45 மி.மீ. அகலம் கூடுதல்.

அம்மாவுக்கு அத்திவா இருக்கை உண்மையிலேயே எளிதாக இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் மைவியின் அப்சார்பரையும் இன்ஜின் மவுண்டிங்கையும் சரிபார்த்து ஓட்டுங்கள். எதை வைத்திருந்தாலும், காப்புறுதி புதுப்பிக்கும்போது வெள்ளப் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண முழுக் காப்புறுதியில் அது கிடையாது.